ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் சாஃப்ட்வேர் தேர்ந்தெடுக்கறது எப்படி: டெமோவுக்கு முன்னாடியிலிருந்து ரினியூவல் வரைக்கும்

நான் முதல் தடவை இந்த மாதிரி ஒரு சாஃப்ட்வேர் வாங்கினப்போ டெமோவைப் பாத்தே மயங்கிட்டேன். சேல்ஸ் ஆள் ஸ்க்ரீன் ஷேர் பண்ணி ஒரு வேலைக்கு ஒண்ணுன்னு கலர் கலரா இருந்த கார்டை இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் இழுத்துப் போட்டாரு, ஒரு பட்டனை அமுக்கினா அதே வேலையெல்லாம் கேலண்டரா மாறுச்சு, இன்னொண்ணை அமுக்கினா சார்ட்டா மாறுச்சு, நானும் நாளையிலேர்ந்து நம்ம ஆபீஸ் இப்படித்தான் ஓடப்போகுதுன்னு நெனச்சு ஒரு வருஷத்துக்கு சேத்தே பணம் கட்டிட்டேன். மூணாவது மாசம் பாத்தா 14 பேர் இருக்கற டீம்ல அதுல அப்டேட் போட்டுட்டு இருந்தது ஒரே ஒரு ஆள்தான், அது நான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒவ்வொருத்தர் சீட்டா போய் "அது முடிஞ்சுதா, இது எங்க நிக்குது"ன்னு கேட்டுட்டு வந்து நானே உக்காந்து எல்லார் கார்டையும் நகத்திட்டு இருந்தேன்.

டூல் மோசமில்ல, நல்ல டூல்தான். நான் தேர்ந்தெடுத்த வரிசைதான் தலைகீழ். எது நல்ல சாஃப்ட்வேர்னு தேடினேனே தவிர எங்க வேலை எங்க சிக்குதுன்னு பாக்கவே இல்ல. அதுக்கப்புறம் ரெண்டு மூணு தடவை வேற வேற டீமுக்கு இதே வேலையை செஞ்சிருக்கேன், அதுல பழகின வரிசையைத்தான் இங்க எழுதறேன். ஒரு விஷயம் மட்டும் மனசுல இருக்கட்டும்: டீம்லயே ரொம்ப பிஸியான, அப்டேட் போடவே பிடிக்காத ஆள் எந்த டூல்ல வேலையை மார்க் பண்ணுவாரோ அதுதான் உங்களுக்கான டூல். ஃபீச்சர் லிஸ்ட் எல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

1. ஒரு வாரம் எதையும் தேடாதீங்க, நோட்டு போடுங்க

ப்ரவுசர்ல தெறந்து வச்சிருக்கற "டாப் 10" டேபெல்லாம் மூடிடுங்க. ஒரு நோட்டு எடுங்க, இல்லன்னா ஃபோன்லயே ஒரு நோட் ஆரம்பிங்க. அஞ்சு வேலை நாள், யாராவது யாரையாவது "அது என்ன ஆச்சு?"ன்னு கேக்கற ஒவ்வொரு தடவையும் ஒரு வரி எழுதுங்க. யார் கேட்டது, யாரை, எதைப் பத்தி, அவ்வளவுதான். மெயில்ல கேட்டாலும் சரி, வாட்ஸ்அப்ல கேட்டாலும் சரி, சேர் மேல எட்டிப் பாத்து கேட்டாலும் சரி.

நான் இதை முதல் தடவை செஞ்சப்போ ரெண்டாம் நாளே ஒரு பக்கம் ரொம்பிடுச்சு. எழுதினதைப் படிச்சுப் பாத்தா எங்க ஆளுங்க மெதுவா வேலை செய்யறதால வந்த கேள்வி ரொம்பக் கம்மி. பெரும்பாலான வரிகள் "கிளையன்ட் ஓகே சொல்லிட்டாங்களா?" ரகம். டிசைன் முடிஞ்சு அனுப்பியாச்சு, அங்கே யாரோ பாக்கணும், பாத்தாங்களான்னு நம்ம பக்கம் ஒருத்தருக்கும் தெரியல. நான் பணம் கட்டின டூல்ல அழகான சார்ட்டு, கோல் ட்ராக்கிங் எல்லாம் இருந்துச்சு, ஆனா வெளியாளுக்கு ஒரு லிங்க் அனுப்பி அப்ரூவல் வாங்கற வழி அந்த பிளான்ல இல்ல. தலைவலிக்கு காலுக்கு கட்டு போட்டிருக்கேன்.

வாரக் கடைசியில அந்த வரிகளை பிரிச்சுப் பாருங்க. "இதை யார் பண்றாங்க?"ங்கற கேள்வி அதிகம்னா, ஒரு வேலைக்கு ஒரு பொறுப்பாளர், ஒரு தேதி, இது ரெண்டையும் தெளிவா காட்டற சாதாரண டாஸ்க் லிஸ்ட்டே போதும். "எப்போ முடியும்?" அதிகம்னா ஒண்ணு முடிஞ்சாதான் இன்னொண்ணு ஆரம்பிக்கும்னு கட்டி வைக்கற டைம்லைன் தேவை. "கடைசி ஃபைல் எங்க?" அதிகம்னா உங்களுக்கு வேண்டியது ஒழுங்கான ஃபோல்டரும் பேர் வைக்கற முறையும், அதுக்கு இந்த சாஃப்ட்வேரே வேண்டாம். "அவருக்கு இன்னும் வேலை குடுக்கலாமா?" அதிகம்னா யார் தலையில எத்தனை மணி நேர வேலை இருக்குன்னு காட்டற வொர்க்லோடு வியூ. சில நேரம் எல்லா வரியிலும் ஒரே ஆள் பேர் வரும், எல்லா முடிவும் அவர் ஒருத்தர்கிட்ட போய் நிக்கும். அதுக்கு உலகத்துல எந்த சாஃப்ட்வேரும் கெடையாது, அவர்கிட்டயே உக்காந்து பேசணும், பூனைக்கு யார் மணி கட்டறதுன்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க.

இந்த நோட்டை தூக்கிப் போட்டுடாதீங்க, பின்னாடி வேணும்.

2. உங்க வேலையோட வடிவம் என்ன, டூலோட பிறவிக்குணம் என்ன

இந்த இடத்துல கொஞ்சம் நிதானமா போகலாம், ஏன்னா பாதி பேர் இங்கதான் தப்பு பண்றாங்க. வேலைங்க எல்லாம் ஒரே மாதிரி ஓடாது. சப்போர்ட், கன்டென்ட், டிசைன் மாதிரி வேலைங்க ஆத்துத் தண்ணி மாதிரி வந்துட்டே இருக்கும், ஒண்ணு முடிய அடுத்தது. கட்டடம், இவென்ட், மெஷின் இன்ஸ்டாலேஷன் மாதிரி வேலைக்கு கடைசி தேதி கல்லுல செதுக்கின மாதிரி நிக்கும், நடுவுல ஒண்ணு தள்ளிப்போனா பின்னாடி வரிசையா எல்லாம் தள்ளும். சாஃப்ட்வேர் எழுதற டீம் ரெண்டு வாரம் ரெண்டு வாரமா வெட்டி ஓட்டும். சில பிசினஸ்ல ஒவ்வொரு புது கிளையன்ட்டுக்கும் அதே 30 ஸ்டெப்பை திரும்பத் திரும்ப செய்வாங்க, அங்க டெம்ப்ளேட்தான் உயிர். மணிக்கணக்கு போட்டு பில் அனுப்பற இடத்துல டைம் ட்ராக்கிங் இல்லாத டூலை வாங்கினா மாசக் கடைசியில ரெண்டு இடத்துல எழுதிட்டு இருக்கணும்.

டூல்களும் அப்படித்தான். எதுக்காக பொறந்துச்சோ அந்த குணம் எவ்வளவு அப்டேட் வந்தாலும் போகாது. கார்டை நகத்தற போர்டு முறை, அதாவது கான்பான், டொயோட்டா ஃபேக்டரியில டைச்சி ஓனோ காலத்துல உருவானது, எந்த பாகம் எப்போ எவ்வளவு வேணும்னு சொல்ற அட்டை அது. அதனாலதான் போர்டு முறையில "இப்போ கையில எத்தனை வேலை இருக்கு"ங்கறது பளிச்சுனு தெரியும், ஆனா "மூணு மாசம் கழிச்சு என்ன ஆகும்"னு கேட்டா அது முழிக்கும். 2011-ல வந்த ட்ரெல்லோ அந்த குணத்தை அப்படியே எடுத்துக்கிச்சு. கேன்ட் சார்ட், அதாவது ஒவ்வொரு வேலையும் எப்போ ஆரம்பிச்சு எப்போ முடியும்னு நீளப் பட்டையா காட்டற படம், 1910-கள்ல ஹென்றி கேன்ட் ஃபேக்டரி வேலையை நேரத்தோட அளக்க பிரபலப்படுத்தினது, அதுக்கு மேல 1950-களோட கடைசியில ட்யூபான்ட் கம்பெனியில கிரிட்டிக்கல் பாத் கணக்கு வந்துச்சு, எந்த வேலை ஒரு நாள் தள்ளினா மொத்தமும் ஒரு நாள் தள்ளும்னு கண்டுபிடிக்கற கணக்கு. மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட் 1984-ல, விண்டோஸுக்கு முந்தின டாஸ் காலத்துலயே அந்த வழியில வந்தது. தேதியும் சார்பும்தான், அதாவது எது முடிஞ்சா எது ஆரம்பிக்கும்ங்கறதுதான், அதுக்கு மூச்சு, அதை வச்சு தினமும் வர சின்னச் சின்ன கேள்விகளை சமாளிக்கப் பாத்தா எரிச்சல்தான் வரும்.

ஜிரா 2002-ல வந்தப்போ அது பக் ட்ராக்கர், அதாவது சாஃப்ட்வேர்ல வர தப்புகளைக் குறிச்சு வைக்கற டூல். பேரே கோஜிராங்கற ஜப்பான் பேர்லேர்ந்து வந்தது, அதாவது காட்ஸில்லா, அப்போ பக்ஸில்லான்னு ஒரு பக் ட்ராக்கர் இருந்துச்சு, அதைக் கிண்டல் பண்ணி வச்ச பேர். இன்னைக்கும் அதுல ஒவ்வொரு வேலையும் ஒரு நம்பர் போட்ட டிக்கெட்டா, இந்த நிலைமையிலேர்ந்து அந்த நிலைமைக்கு மட்டும்தான் போகலாம்ங்கற ஒழுங்கோட நடக்கும். சாஃப்ட்வேர் டீமுக்கு அது வரம். ஆறு பேர் மார்க்கெட்டிங் டீமுக்கு குருவி தலையில பனங்காய். பேஸ்கேம்ப் 2004-ல 37சிக்னல்ஸ்ங்கற வெப் டிசைன் கம்பெனி தன்னோட கிளையன்ட் வேலைக்காக செஞ்சுகிட்டது, அதனாலதான் அதுல பேச்சு, மெசேஜ், கிளையன்ட்டோட பகிர்ந்துக்கறது எல்லாம் இயல்பா இருக்கும், கறாரான ஷெட்யூல் கணக்கு எதிர்பாத்தா ஏமாந்துடுவீங்க. ஸ்மார்ட்ஷீட் எக்செல்லை விட முடியாதவங்களுக்கு. ஆசானா, மண்டே, கிளிக்அப் இந்த மூணும் எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சம் செய்யும். கிளிக்அப்ல ஃபீச்சர் ரொம்பவே ஜாஸ்தி, செட்டப் பண்ண ஒரு ஆள் பொறுமையா உக்காந்தா பிரமாதம், இல்லன்னா கண்ணைக் கட்டி காட்டுல விட்ட மாதிரி இருக்கும். நோஷன் அடிப்படையில டாக்குமென்ட், அதுமேல டாஸ்க்கை நீங்களே கட்டிக்கணும்.

ஸோ உங்க நோட்டுல வந்த கேள்வியையும் வேலையோட வடிவத்தையும் பக்கத்துல வச்சு பாத்தாலே பாதி டூல் தானா கழண்டுடும்.

3. கட்டாயம் வேணும்ங்கறது அஞ்சுக்கு மேல வேண்டாம்

டீம்ல ஒவ்வொருத்தர்கிட்டயும் போய் "என்ன ஃபீச்சர் வேணும்?"னு கேக்காதீங்க, கேட்டா 40 வரும், எல்லாமே நியாயமாத்தான் இருக்கும். அதுக்கு பதிலா மூணு வகை ஆளை நெனச்சுப் பாருங்க. வேலை செய்யறவங்க, அவங்களுக்கு வேண்டியது இன்னைக்கு நான் என்ன செய்யணும்ங்கற ஒரே ஒரு ஸ்க்ரீன். மேற்பார்வை பாக்கறவங்க, அவங்களுக்கு எது லேட், எது நிக்குதுன்னு தெரிஞ்சா போதும். மூணாவது வெளியாளுங்க, கிளையன்ட், ஃப்ரீலான்ஸர், சப்ளையர்.

இந்த மூணாவது ஆளை எல்லாரும் மறந்துடறாங்க. கெஸ்ட்டா ஒருத்தரை சேத்தா அவருக்கும் சீட் பணம், அதாவது ஆள் கணக்குல கட்டற பணம், உண்டா, அவர் ஒரு ப்ராஜெக்டை மட்டும் பாப்பாரா இல்ல பக்கத்து கிளையன்ட் பேரும் தெரியுமா, டீமுக்குள்ள எழுதற கமென்ட் அவர் கண்ணுல படுமா, இதெல்லாம் ட்ரையல்லயே செக் பண்ணுங்க. எனக்கு ஒரு தடவை நடந்தது: "இவங்க நாலாவது தடவையா கலர் மாத்தச் சொல்றாங்க, எனக்கு தலை சுத்துது"ன்னு எங்க டிசைனர் எழுதின கமென்ட் நேரா கிளையன்ட் மெயிலுக்கு நோட்டிஃபிகேஷனா போச்சு. அவங்க நல்ல மனுஷங்க, சிரிச்சிட்டாங்க. எல்லாரும் சிரிக்க மாட்டாங்க. செக் பண்ற வழி சிம்பிள், உங்க சொந்த மெயில் ஐடி ஒண்ணை கெஸ்ட்டா சேத்து இன்னொரு ப்ரவுசர்ல லாகின் பண்ணி என்னல்லாம் தெரியுதுன்னு பாருங்க.

அஞ்சு விஷயத்தை ஒரு தாள்ல எழுதி செவுத்துல ஒட்டுங்க. எந்த டெமோவுலயும் அந்த அஞ்சைத் தவிர வேற எதையாவது பாத்து வாய் பொளந்தீங்கன்னா அந்தத் தாளைப் பாருங்க.

4. விலைப் பக்கத்தை எப்படி படிக்கறது

ஒரு ஆளுக்கு மாசம் இவ்வளவுன்னு பெருசா போட்டிருக்கும், பக்கத்துல சின்ன எழுத்துல "வருஷத்துக்கு மொத்தமா கட்டினா"ன்னு இருக்கும். மாசா மாசம் கட்டினா ரேட் வேற. முதல் வருஷம் மாசக் கணக்குல போறதுதான் என்னோட கட்சி, கொஞ்சம் ஜாஸ்தி ஆனாலும் பரவால்ல, வெளிய வர சுதந்திரம் இருக்கு.

அடுத்து சீட் கணக்கு. சில டூல்ல குறைஞ்சபட்சம் இத்தனை சீட் வாங்கியே ஆகணும், மண்டேல பெய்ட் பிளான் 3 சீட்லேர்ந்துதான் ஆரம்பம், அப்புறமும் கட்டு கட்டாதான் ஏறும், ஒரு ஆள் புதுசா வந்தாலும் அடுத்த கட்டுக்கே போகணும். ஃப்ரீ பிளானை நம்பி பிசினஸை கட்டறவங்களுக்கு ஒரு விஷயம், ஃப்ரீ பிளானோட எல்லையை அவங்க எப்ப வேணா மாத்தலாம். ட்ரெல்லோ 2024-ல ஃப்ரீ வொர்க்ஸ்பேஸ்க்கு 10 பேர்னு வரம்பு வச்சாங்க. அவங்க பக்கம் நியாயம் இருக்கலாம், ஆனா அன்னைக்கு 12 பேரோட ஓடிட்டு இருந்தவங்க திடீர்னு யோசிக்க வேண்டி வந்துச்சு.

உங்க அஞ்சு விஷயமும் எந்த பிளான்ல இருக்குன்னு பாருங்க, டூல்ல இருக்கான்னு பாத்தா போதாது. டைம்லைன் ஒரு பிளான்ல, டைம் ட்ராக்கிங் அடுத்த பிளான்ல, கம்பெனி லாகின்லயே உள்ள வர எஸ்எஸ்ஓ பெரும்பாலும் மேல்தட்டு பிளான்ல இருக்கும். ஆட்டோமேஷன்னு ஒண்ணு சொல்வாங்க, "இந்த கார்டு இங்க வந்தா அவருக்கு மெசேஜ் போகணும்"ங்கற மாதிரி, அதுக்கு மாசம் இத்தனை தடவைதான்னு கணக்கு இருக்கும், அதையும் பாருங்க. எல்லாம் பாத்துட்டு இப்போ இருக்கற ஆள் எண்ணிக்கைக்கு ஒரு கணக்கு, இன்னும் 10 பேர் சேந்தா ஒரு கணக்கு, ரெண்டும் போடுங்க. அதோட செட்டப் பண்ணவும் சொல்லிக் குடுக்கவும் உங்க ஆளுங்க செலவழிக்கற நேரத்தையும் எழுதிக்கோங்க, பல தடவை சந்தாவை விட அதுதான் பெரிய தொகையா வரும்.

ஓப்பன் சோர்ஸ், அதாவது கோடை எல்லாருக்கும் தெறந்து வச்சிருக்கற சாஃப்ட்வேர் பக்கமும் பாக்கலாம். 2006-லேர்ந்து இருக்கற ரெட்மைன், அப்புறம் ஓப்பன்ப்ராஜெக்ட், இதெல்லாம் உங்க சர்வர்லயே போட்டுக்கலாம், டேட்டா உங்ககிட்டயே இருக்கும், சீட் கணக்கு கெடையாது. ஆனா பேக்கப், அப்டேட், ராத்திரி 11 மணிக்கு சர்வர் படுத்துட்டா எழுப்பறது எல்லாம் உங்க தலையில. அதுக்கு ஆள் இருந்தா மட்டும் போங்க.

5. மூணு டூலுக்கு சுருக்குங்க, ட்ரையல் ஆரம்பிச்ச அன்னைக்கே எக்ஸ்போர்ட் பண்ணுங்க

மூணுக்கு மேல ட்ரையல் பண்ணாதீங்க, டீம் வெறுத்துடும். அந்த மூணுலயும் முதல் நாளே, உள்ள போறதுக்கு முன்னாடி வெளிய வர வழியைப் பாருங்க. எல்லாரும் இதை வாங்கி ரெண்டு வருஷம் கழிச்சு பாக்கறாங்க.

பத்து டாஸ்க் போடுங்க, நாலு கமென்ட், ரெண்டு ஃபைல், ஒரு சப்டாஸ்க். இப்போ எக்ஸ்போர்ட் பண்ணுங்க. பெரும்பாலும் சிஎஸ்வி ஃபைல் ஒண்ணு வரும், எக்செல்ல தெறக்கற சாதாரண அட்டவணை ஃபைல், அதுல டாஸ்க் பேர், தேதி, ஆள் இருக்கும், கமென்ட்டும் அட்டாச்மென்ட்டும் இருக்கான்னு பாருங்க, நெறைய இடத்துல இருக்காது. யோசிச்சுப் பாருங்க, "ஏன் அந்த விலைக்கு ஒத்துக்கிட்டோம்"ங்கற பதில் கமென்ட்லதான் இருக்கும். ட்ரெல்லோல ஜேசன் எக்ஸ்போர்ட் (ப்ரோக்ராம் படிக்கற ஃபைல்) எல்லாருக்கும் உண்டு, சிஎஸ்வி பெய்ட் பிளான்ல. இன்னொண்ணு, தமிழ்ல டாஸ்க் பேர் எழுதறவங்களுக்கு: சிஎஸ்வியை எக்செல்ல டபுள் கிளிக் பண்ணி தெறந்தா சில நேரம் எழுத்தெல்லாம் குப்பையா தெரியும், டேட்டா போச்சுன்னு பதறாதீங்க, எக்செல்ல டேட்டா மெனுவுக்குப் போய் டெக்ஸ்ட் ஃபைலா இம்போர்ட் பண்ணி யுடிஎஃப்-8 செலக்ட் பண்ணா சரியா வரும்.

ஏன் இவ்வளவு பயமுறுத்தறேன்னா, டூலும் மூடப்படும். வுண்டர்லிஸ்ட்ங்கற டாஸ்க் லிஸ்ட் ஆப்பை எத்தனை பேர் ஆசையா வச்சிருந்தாங்க, 2015-ல மைக்ரோசாஃப்ட் வாங்கினாங்க, 2020 மே மாசம் மூடிட்டாங்க. சாஃப்ட்வேர் டீம்கள் வருஷக்கணக்கா நம்பியிருந்த பிவோட்டல் ட்ராக்கர் 2025 ஏப்ரல் 30-ஓட நின்னு போச்சு. சொந்த சர்வர்ல ஜிரா வச்சிருந்தவங்களுக்கு அந்த சர்வர் எடிஷனோட சப்போர்ட் 2024 பிப்ரவரி 15-ல முடிஞ்சது. மூடாட்டியும் விபத்து நடக்கும். 2022 ஏப்ரல்ல ஜிராவை நடத்தற அட்லாசியன் கம்பெனியில ஒரு பழைய ஆப்பை நீக்கறதுக்கு ஓட்டின ஸ்க்ரிப்ட்டுக்கு ஆப் ஐடிக்கு பதிலா தப்பா சைட் ஐடியைக் குடுத்துட்டாங்க, 775 கஸ்டமரோட சைட் மொத்தமா காணாம போச்சு, சில பேருக்கு திரும்பி வர 14 நாள் வரைக்கும் ஆச்சு. டேட்டா பெரும்பாலும் திரும்ப வந்துச்சு, அவங்களே விவரமா அறிக்கையும் வெளியிட்டாங்க. ஆனா ரெண்டு வாரம் உங்க டீமுக்கு யார் என்ன வேலை செய்யறாங்கன்னு தெரியாம ஓடுமா? மாசம் ஒரு தடவை எக்ஸ்போர்ட் எடுத்து வேற இடத்துல வைக்கறது ஒருத்தர் பேர்ல நிரந்தர டாஸ்க்கா இருக்கட்டும்.

பாதுகாப்பு விஷயம் சுருக்கமா: ஆளுக்கு ஒரு லாகின், ரெண்டடுக்கு லாகின் (பாஸ்வேர்டுக்கு மேல இன்னொரு சரிபார்ப்பு) கட்டாயம், பத்து பேர் ஒரே பாஸ்வேர்டுல உள்ள வந்து சீட் பணத்தை மிச்சம் பிடிக்கற வேலை வேண்டவே வேண்டாம். ஒருத்தர் வேலையை விட்டுப் போனா அவர் பேர்ல இருக்கற டாஸ்க்கெல்லாம் மொத்தமா இன்னொருத்தருக்கு மாத்த முடியுமான்னு பாருங்க. டெலீட் ஆனது எத்தனை நாள் வரைக்கும் திரும்பக் கெடைக்கும்னும் கேட்டுக்கோங்க.

6. ட்ரையல்: நிஜ வேலை, நிஜ ஆள், ரெண்டு வாரம்

டம்மி ப்ராஜெக்ட் போட்டு "டெஸ்ட் 1, டெஸ்ட் 2"ன்னு டாஸ்க் அடிக்கறது வேஸ்ட். ரெண்டு மூணு வாரத்துல முடியற நிஜமான ஒரு ப்ராஜெக்டை எடுங்க. அஞ்சாறு பேர் போதும், அதுல ஒருத்தர் கட்டாயம் "எனக்கு இதெல்லாம் வேண்டாம், நான் என் டைரியிலேயே எழுதிக்கறேன்"ங்கற ஆளா இருக்கணும். ஆர்வமா இருக்கற ஆளுங்களை மட்டும் வச்சு ட்ரையல் பண்ணா எல்லா டூலும் பாஸாகிடும்.

முதல் சோதனை ஃபோன். அந்த டைரிக்காரர் கையில ஃபோனைக் குடுத்து "இந்த வேலை முடிஞ்சுதுன்னு போடுங்க"ன்னு மட்டும் சொல்லிட்டு பின்னாடி நின்னு பேசாம பாருங்க, உதவி பண்ணக்கூடாது. எத்தனை தட்டு தட்றாரு, எங்க நின்னு முழிக்கறாருன்னு எண்ணுங்க. ஒரு ட்ரையல்ல எங்க ஆள் முடிஞ்சுதுங்கற பட்டனையே கண்டுபிடிக்காம டாஸ்க்கையே டெலீட் பண்ணிட்டாரு, "வேலை முடிஞ்சுடுச்சுல்ல, எடுத்துட்டேன்"னாரு. அவர் சொல்றதுலயும் லாஜிக் இருக்கே! அந்த டூல் அன்னைக்கே லிஸ்ட்லேர்ந்து போச்சு. மூணு தட்டுக்கு மேல போனா யாரும் செய்ய மாட்டாங்கங்கறது என் அனுபவம்.

ரெண்டாவது, தேதியைத் தள்ளிப் பாருங்க. ஒண்ணுக்கப்புறம் ஒண்ணா நாலு டாஸ்க்கை சார்பு போட்டு கட்டுங்க. முதல் டாஸ்க்கோட முடிவு தேதியை மூணு நாள் தள்ளுங்க. மிச்ச மூணும் தானா தள்ளுதா, இல்ல அம்புக்குறி மட்டும் கோணலா நிக்குதா? சில டூல்ல அந்தக் கோடு வெறும் படம்தான், தேதியை நீங்கதான் ஒவ்வொண்ணா மாத்தணும். சிலதுல தானா தள்ளும், ஆனா லீவு நாள்லயும் வேலை விழும். தேதிதான் உங்க பிசினஸ்னா இந்த ஒரு சோதனை ரெண்டு மணி நேர டெமோவை விட அதிகம் சொல்லிடும்.

மூணாவது நோட்டிஃபிகேஷன். முதல் நாள் சாயங்காலம் ஒவ்வொருத்தருக்கும் எத்தனை மெயில், எத்தனை பெல் வந்துச்சுன்னு கேளுங்க. சும்மா யாரோ ஒரு லேபிள் கலரை மாத்தினதுக்கெல்லாம் மெயில் வந்தா நாலாவது நாள் எல்லாரும் ஃபில்டர் போட்டு ஒதுக்கிடுவாங்க, அப்புறம் முக்கியமான மெயிலும் அதுலயே போய்ச் சேரும். குறைக்க முடியுமா, அதை அட்மின் எல்லாருக்கும் சேத்து செய்யலாமா இல்ல ஆளாளுக்கு செஞ்சுக்கணுமான்னு பாருங்க.

தேடறதையும் பாருங்க, பத்து நாள் முன்னாடி எழுதின ஒரு கமென்ட்ல இருந்த ஒரு வார்த்தையை வச்சு தேடி எடுக்க முடியுதா, தமிழ்ல எழுதியிருந்தா தமிழ்ல தேடினா வருதா. மத்தபடி 20 டாஸ்க்கை ஒரே நேரத்துல செலக்ட் பண்ணி ஆள் மாத்தறது, நெட் மெதுவா இருக்கறப்போ தெறக்குதா, சப்போர்ட்டுக்கு ஒரு கேள்வி அனுப்பினா மனுஷன் பதில் போடறானா, இதெல்லாம் போற போக்குல பாத்துக்கலாம்.

ஒரு கண்டிஷன், இந்த ரெண்டு வாரமும் அந்த ப்ராஜெக்டுக்கான வாட்ஸ்அப் குரூப்ல வேலை பேச்சு கூடாது. ரெண்டும் ஓடினா ஜெயிக்கறது எப்பவும் வாட்ஸ்அப்தான். யாராவது அங்க கேட்டா திட்டாதீங்க, டாஸ்க் லிங்க்கை மட்டும் பதிலா போடுங்க.

இப்போ அந்த நோட்டை வெளிய எடுங்க. ரெண்டாவது வாரம் மறுபடியும் "அது என்ன ஆச்சு?" கேள்விகளை எழுதுங்க. அதே ஆளுங்க, அதே மாதிரி வேலை, வரி குறைஞ்சிருக்கா? எந்த ரகக் கேள்வி குறைஞ்சுது? 50 ஃபீச்சருக்கு மார்க் போடற எக்செல் ஷீட்டை விட எனக்கு இந்த ரெண்டு பக்கமும் போதும். வரி குறையவே இல்லன்னா டூல் எவ்வளவு அழகா இருந்தாலும் விட்டுடுங்க.

ஏஐ பத்தி ஒரு வார்த்தை, ஏன்னா இப்போ எல்லா டெமோவும் அதுலதான் ஆரம்பிக்குது. ப்ராஜெக்ட் நிலவரத்தை தானா சுருக்கி எழுதிக் குடுக்கும், ரிப்போர்ட் போடும், நல்லதுதான். ஆனா சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும், ஆளுங்க அப்டேட் போடாத போர்டுலேர்ந்து அது எழுதற சுருக்கமும் பழைய நிலவரம்தான், என்ன, நல்ல நடையில இருக்கும்.

7. வாங்கியாச்சு, இனிமேதான் வேலை

பழைய எக்செல்ல இருக்கற மூணு வருஷ வரலாறை எல்லாம் புது டூல்ல ஏத்த உக்காராதீங்க. இன்னைக்கு ஓடிட்டு இருக்கறது மட்டும் போகட்டும், பழைய ஷீட்டை யாரும் மாத்த முடியாத மாதிரி பூட்டி வச்சிட்டு தேவைப்பட்டா பாத்துக்கலாம்னு விடுங்க. நிலைமைகளோட பேர் அஞ்சுக்குள்ள இருக்கணும். "ரிவியூ", "ரீ-ரிவியூ", "ஃபைனல் ரிவியூ"ன்னு போட ஆரம்பிச்சா எது எங்கன்னு போட்டவருக்கே தெரியாது. எனக்கு ரொம்ப உதவினது "நிக்குது"ன்னு தனியா ஒரு நிலைமை, அதுக்கு கார்டை நகத்தினா யாருக்காக நிக்குதுன்னு ஒரு வரி கட்டாயம் எழுதணும். "முடிஞ்சது"ன்னா என்னன்னும் முதல்லயே பேசிக்கோங்க, நம்ம பக்கம் முடிஞ்சதா, கிளையன்ட் ஓகே சொன்னதா? இந்த ஒரு வார்த்தைக்கு நான் பாத்த சண்டை கொஞ்ச நஞ்சமில்ல.

டாஸ்க் பேர்ல வினை இருக்கட்டும். "வெப்சைட்"னு ஒரு டாஸ்க் இருந்தா யாருக்கும் ஒண்ணும் புரியாது, "வெப்சைட் முகப்புப் படத்தை மாத்தி கிளையன்ட்டுக்கு அனுப்பணும்"னு இருந்தா புதுசா வந்தவருக்கும் புரியும். ஒரு டாஸ்க்குக்கு ஒரே ஒரு பொறுப்பாளர், ரெண்டு பேர் பேர் போட்டா அவர் பாத்துப்பாருன்னு இவரும் இவர் பாத்துப்பாருன்னு அவரும் இருந்துடுவாங்க. அட்மின் ஒருத்தர், அவர் லீவுல போனா இன்னொருத்தர், அதுக்கு மேல வேண்டாம், ஆளாளுக்கு போர்டுல புது காலம் (column) சேத்தா ஆறு மாசத்துல அது குப்பைக் கூடை ஆகிடும்.

எல்லாத்தையும் விட முக்கியமா முதலாளியோ மேனேஜரோ யாரா இருந்தாலும் சரி, திங்கள்கிழமை மீட்டிங்கை அந்த போர்டை ஸ்க்ரீன்ல போட்டுதான் நடத்தணும். போர்டுல இல்லாத வேலையைப் பத்தி மீட்டிங்ல பேச்சே கெடையாது. அவரே ஃபோன் பண்ணி "என்னப்பா ஆச்சு அது"ன்னு கேட்டுட்டு இருந்தா டீமுக்கு எதுக்கு அப்டேட் போடணும்? நான் முதல் தடவை கோட்டை விட்டது இங்கயும்தான், நான் வெள்ளிக்கிழமை சாயங்காலம் சீட்டு சீட்டா போய் கேட்டேனே, அதனாலயே யாரும் எழுதல, எப்படியும் இவன் வந்து கேப்பான்னு எல்லாருக்கும் தெரியும்.

முப்பதாவது நாள் ஒரு தடவை, தொண்ணூறாவது நாள் ஒரு தடவை, கடைசி ஒரு வாரத்துல யார் யார் உள்ள வந்தாங்கன்னு பாருங்க. வராத சீட்டை எடுங்க, ஏன் வரலன்னு அவங்ககிட்டயே கேளுங்க, டூலோட உண்மையான குறை அவங்ககிட்டதான் இருக்கு. வருஷ பிளான் போட்டிருந்தா அது தானா ரினியூ ஆகும், கார்டுல பணம் எடுத்த மெசேஜ் வந்தப்புறம் கத்தி பிரயோஜனமில்ல. அதனால வாங்கின அன்னைக்கே ரினியூவல் தேதிக்கு 30 நாள் முன்னாடி ஒரு தேதி போட்டு, "எக்ஸ்போர்ட் எடுத்து, சீட் எண்ணி, தொடரலாமா வேண்டாமான்னு முடிவு பண்ணணும்"னு அந்த டூல்லயே ஒரு டாஸ்க் போடுங்க. பொறுப்பாளர் ஒரே ஆள்.